பெங்களூர் முறை: ஒரு நகரம் மண்ணுக்குத் தந்த பாடம்

மட்கிய எருவைத் துணியில் முடிந்து நீரில் ஊறவைத்து, சிறிது வெல்லம் சேர்த்து, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரை ஒரு நாள் ஓடவிட்டு இறக்கும் 'கம்போஸ்ட் டீ' பெங்களூரின் மொட்டைமாடித் தோட்டங்களுக்குப் புதுவரவு. அதற்கு அடிப்படையான எருவோ இந்த ஊருக்குப் புதிதல்ல. 1939-இல் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. என். ஆச்சார்யா வகுத்த எருவாக்கும் வழி, இன்றும் வேளாண் பாடநூல்களில் 'பெங்களூர் முறை' என்றே வழங்குகிறது. மண்ணை வளமாக்கும் பொறுப்பு உழவருக்கு மட்டுமன்று, உண்டு கழிக்கும் நகரத்துக்கும் உண்டு என்பதே அம்முறையின் சாரம்.

அதற்கு முன்பே ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் ஒரு முறையை உருவாக்கி, 1931-இல் நூலாகவும் வெளியிட்டிருந்தார்கள். அதில் குவியலைப் பலமுறை கிளறவேண்டும், நீர் தெளிக்கவேண்டும். மாடும் ஆளும் உள்ள பண்ணைக்கு அது பொருந்தும். நாள்தோறும் வண்டி வண்டியாகக் குப்பை சேரும் நகராட்சிக்குப் பெருஞ்சுமை. ஆச்சார்யா குப்பையையும் மலக்கழிவையும் குழியில் மாறிமாறி அடுக்கி, மேலே மண்ணால் மூடச் செய்தார். உள்ளே சிக்கிய காற்றால் முதலில் சூடேறும். காற்று தீர்ந்தபின் மெல்ல மட்கும். ஆறு முதல் எட்டு மாதத்தில் எரு ஆகிவிடும். கிளறும் கூலியும் தண்ணீரும் மிச்சம். தழைச்சத்து வீணாவதும் குறைவு. காலத்தைக் கொடுத்து உழைப்பை மிச்சப்படுத்திய ஏற்பாடு இது.

நாறும், நோய் பரப்பும் என்ற அச்சத்துக்கு மண்மூடியும் தொடக்கச் சூடும் நீண்ட காலமும் பெருமளவு விடை சொல்கின்றன. இதைவிடக் கனமான கேள்வி வேறு: அந்த மலத்தைச் சுமந்தவர் யார்? சாதியின் பெயரால் அவ்வேலையில் தள்ளப்பட்டவர்கள்தாம். அந்தக் கொடுமையை இம்முறை உண்டாக்கவில்லை. ஆனால் அதன்மேல்தான் நின்றது. எத்தனை நல்ல எருவும் அதற்கு ஈடாகாது. மனிதர் மலம் அள்ளுவதை 1993, 2013 ஆண்டுச் சட்டங்கள் தடைசெய்தன. சமையலறைக் கழிவையும் சாணத்தையும் கொண்டே அதே குழியை நிரப்பலாம் என்பதால், அறிவியலைக் காத்து அநீதியைக் கைவிட முடியும்.

குழிக்குக் காத்திருக்க நேரமில்லை, டீ போதும் என்பாரும் உண்டு. டீயில் பெருகும் நுண்ணுயிர்கள் எருவிலிருந்து வருபவை. சரியாக மட்காத எருவில் வெல்லத்தைச் சேர்த்தால் நோய்க்கிருமிகளும் கூடவே பெருகக்கூடும். அவசரம் அங்கே ஆபத்து. நகரின் அவசரமும் அப்படியே: 1975-இல் கர்நாடக கம்போஸ்ட் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்ட பின்னும், பிளாஸ்டிக்கும் ஈரக்கழிவும் கலந்த குப்பை மாவள்ளிபுரா, மண்டூர் போன்ற ஊர்களில் மலையாய்க் குவிந்தது. ஊரார் போராடிய பிறகே, 2014-இன் இறுதியில், மண்டூரில் கொட்டுவது நின்றது. பக்கத்துக் கிராமத்தின் தலையில் கொட்டியது எருவாகவில்லை; பகையாகத்தான் ஆனது.

ஆகவே நல்ல டீக்கு முதல் பக்குவம் வெல்லமும் மோட்டாரும் அல்ல. ஈரக்கழிவை வீட்டிலேயே தனியாகப் பிரித்து, முழுதாக மட்கும்வரை பொறுத்திருங்கள். பெங்களூர் தன் பெயர் தாங்கிய முறைக்குச் செய்யும் மரியாதை அதுவே.