தீர விசாரித்த மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, கி.பி. 1040-ஐ ஒட்டி மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், ஒளியியல் பற்றிய தம் பெருநூலில் கண் எவ்வெவ்வாறு ஏமாறுகிறது என்பதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். கண்டதையும் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்னும் அந்நெறிக்குச் சான்றாக அண்மைக் கால விஞ்ஞான வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சித் தொடரை இங்கே நோக்குவோம்.

நம் உடலில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிறு பட்டணம் எனலாம். அங்கே புரதங்கள் உற்பத்தியாகின்றன. பின்னர் அவை சவ்வாலான நுண்பைகளில் அடைபட்டு, உரிய இடம் நோக்கிச் செல்கின்றன. இடம் சேர்ந்ததும் பையின் சவ்வும் அவ்விடத்துச் சவ்வும் இரண்டறக் கலக்கின்றன. உள்ளிருந்த சரக்கு வெளியேறுகிறது. உணவுண்டபின் கணையம் இன்சுலினைச் சுரப்பதும், நரம்பு தன் செய்தியைத் தசைக்குச் சொல்வதும் இவ்வழியில்தான். இந்தப் போக்குவரத்தை மனிதன் அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது.

1898-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் பவியா நகரில், கமில்லோ கோல்கி என்னும் மருத்துவ அறிஞர் கூகையின் சிறுமூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையைக் கண்டவர் அவர். அச்சாயம் ஏறிய நரம்பணுக்களுக்குள் வலை போன்றதோர் அமைப்பு அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. அதுவே இன்று அவர் பெயரால் வழங்கும் கோல்கி அமைப்பு.

ஆயினும் அறிஞர் உலகம் அதனை எளிதில் ஒப்பவில்லை. சில நேரம் தெரிந்தது. சில நேரம் தெரியவில்லை. உயிரணுவில் உள்ள பொருளா, சாயம் செய்த மாயமா என்ற வழக்கு ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ருமேனியாவிலிருந்து 1946-இல் அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் சேர்ந்த ஜார்ஜ் பலாடே, தம் ஆசானைப் போன்ற ஆல்பர்ட் கிளாடுடன் சேர்ந்து 1949-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உயிரணுவைப் பக்குவப்படுத்தும்போது உண்டாகும் கொழுப்புத் திரிபே கோல்கி கண்ட வலை என்பது அக்கட்டுரையின் வாதம்.

1954-இல் டால்டன், ஃபெலிக்ஸ் என்னும் இருவர், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் அந்த அமைப்பு மெய்யே எனக் காட்டினர். பலாடே தம் பழைய முடிவைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. கினிப் பன்றியின் கணையத் துண்டுகளுக்கு மூன்றே நிமிடம் கதிரியக்க ஊட்டம் கொடுத்து, புதிதாகப் பிறந்த புரதம் எங்கெங்கே செல்கிறது என்று தொடர்ந்து கவனித்தார். ஜேமிசனுடன் இணைந்து 1967-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: அப்புரதம் கோல்கி அமைப்பின் வழியாகச் சென்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சேமிப்புப் பைகளை அடைகிறது. எதனை இல்லையென்றாரோ, அதனையே போக்குவரத்தின் நடுநிலையமாக அவரே நிலைநாட்டினார்! 1974-இல் நோபல் பரிசு அவரையும் கிளாடையும் தே தூவையும் அடைந்தது.

வழி தெரிந்தது, வழிநடத்துவது யார்? இவ்வினாவை இருவர் இரு திசைகளிலிருந்து அணுகினர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ராண்டி ஷெக்மன், ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் எளிய ஈஸ்டை எடுத்துக்கொண்டார். வெப்பம் ஏறியதும் போக்குவரத்து தடைப்பட்டு, நுண்பைகள் உள்ளேயே தேங்கிப்போகும் பழுதுபட்ட ஈஸ்டுகளைத் தேர்ந்தெடுத்து, 1980-க்குள் இப்பணிக்கு வேண்டிய 23 மரபணுக்களை அவரும் மாணவர்களும் இனங்கண்டனர். ஜேம்ஸ் ராத்மனோ, விலங்கு உயிரணுக்களை உடைத்து, உள்ளீட்டைச் சோதனைக் குழாயில் இயங்கவைத்தார். 1988-இல் சவ்வுக் கலப்புக்கு இன்றியமையாத ஒரு புரதத்தை அவர் குழு பிரித்தெடுத்தது. மறு ஆண்டு ஒப்பிட்டபோது, அது ஷெக்மனின் ஈஸ்ட் மரபணு ஒன்று உருவாக்கும் புரதத்தின் இணையாக இருந்தது. அற்ப ஈஸ்டிலும் மேலான உயிர்களிலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றே எனக் கண்டு நாம் வியக்கிறோம்.

1993-இல் ராத்மன் குழுவினர் மாட்டு மூளையிலிருந்து மேலும் மூன்று புரதங்களைப் பெற்றனர். ஒன்று நுண்பையிலும் ஏனைய இரண்டும் சேருமிடத்துச் சவ்விலும் இருப்பவை. அவை ஒன்றோடொன்று கயிறு போல் முறுக்கிக்கொண்டு, விலகி நிற்கும் இரு சவ்வுகளையும் நெருக்கி ஒன்றாக்குகின்றன. நரம்பில் இது எந்நேரமும் நிகழாமல், கால்சியம் நுழைந்த கணத்தில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நிகழ வேண்டும். அந்தச் சைகையை உணரும் புரதத்தை விளக்கியவர் ஜெர்மனியில் பிறந்த தாமஸ் சூடோஃப். மூவரும் 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வறிவால் நமக்கென்ன என்று கேட்போர் ரண ஜன்னியை நினைத்துப் பார்க்கட்டும். தொப்புள்கொடியைத் தூய்மையற்ற கத்தியால் அறுத்த காலங்களில், பிறந்த சில நாட்களிலேயே வாய் இறுகி, பால் குடிக்க இயலாமல், உடல் வில்லாய் வளைந்து மடிந்த பச்சிளங்குழந்தைகள் எத்தனை! பேய் பிடித்ததென்று மந்திரித்த வீடுகளும் உண்டு. 1992-இல் இத்தாலியின் பாதுவா நகரில் மொன்டெகுக்கோவும் அவர் தோழர்களும் உண்மையை வெளிப்படுத்தினர். அந்நோயின் நஞ்சு ஒரு கத்தரிக்கோல். நரம்பு நுண்பையில் உள்ள ஒரே புரதத்தை அது வெட்டிவிடுகிறது. தசையை அடக்கும் செய்தி வெளிவராமல் போகவே, உடல் விறைக்கிறது. ராத்மன் கண்ட மூன்றனுள் ஒன்றே அப்புரதம். கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசி அந்த நஞ்சை முறிக்கும் ஆற்றலைச் சேய்க்கும் அளிக்கிறது. தடுப்பூசியும் தூய பிரசவமும் பரவியதன் பயனாக, 2015-இல் இந்தியா தாய்-சேய் ரண ஜன்னியை ஒழித்த நாடாக அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும் அதன் கிருமி மண்ணில் இருந்துகொண்டே இருக்கிறது. ஊசி போடத் தயங்கும் எந்த வீட்டுக்கும் அது திரும்பி வரக்கூடும் என்பதை நம் குடும்பங்கள் மறத்தலாகாது.

படைத்தவனின் நுட்பத்தை அறிய விழைவோர்க்கு அறிவு மட்டும் போதாது; பணிவும் வேண்டும். தாம் சொன்னது தவறென்று கண்டபோது பலாடே சினமுறவில்லை. சான்று காட்டிய பக்கம் நடந்தார். மருத்துவம், கல்வி, மார்க்க விளக்கம் எதுவாயினும், நேற்றுச் சொல்லிவிட்டோம் என்பதற்காக இன்றும் அதையே சாதிக்கும் நம் வழக்கத்தை அவர் வாழ்வின் முன் வைத்துப் பார்ப்போம். தீர விசாரிக்கும் துணிவை வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக.