சர்க்கரை நோய்ச் சிகிச்சை: போடிநாயக்கனூர் வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு என ஏறும் ஏலமலைச் சரிவுகளிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழங்கும் நீரிழிவுச் சிகிச்சை.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1952 முதல் நாடெங்கும் அமைந்த ஆரம்ப சுகாதார நிலையங்களோ நெடுங்காலம் பிரசவம், தடுப்பூசி, தொற்றுநோய் ஆகியவற்றையே கவனித்தன. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தபின் மாத்திரை வரத்து சீரானது.

உலக வங்கிக் கடனுதவியில் 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் பற்றியே விரிவான பதிவுகள் உள்ளன. அதன் தொற்றா நோய் முன்னோட்டம் 2007 முதல் 2010 வரை நடந்தது. இரத்த அழுத்தத்துக்கு விருதுநகரும் சிவகங்கையும், கருப்பைவாய்ப் புற்றுக்குத் தஞ்சாவூரும் தேனியும் தேர்வாயின. அசிட்டிக் அமிலமும் அயோடினும் தடவிப் பார்க்கும் எளிய சோதனைக்காக முப்பது வயது கடந்த பெண்கள் அழைக்கப்பட்டனர். நோய் எதுவும் தெரியாத நிலையிலேயே வந்து சோதித்துக்கொள்ளும் வழக்கத்தைத் தேனியில் முன்னெடுத்தவர்கள் இவர்களே எனலாம். சர்க்கரை அப்போது பட்டியலில் இல்லை. திட்டம் மாநிலமெங்கும் விரிந்தபோதுதான் அது சேர்ந்தது. நிலையந்தோறும் தொற்றா நோய்களுக்கென ஒரு செவிலியர் அமர்த்தப்பட்டார்.

பலன் குறித்துக் கருத்து ஒன்றுபடவில்லை. 2020 மாநில ஆய்வின்படி நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 2023–24 ஆய்வில் இது 16.7 ஆனது. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கி, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதற்குக் காரணம் என்பர். அதன் பங்கு எவ்வளவு எனப் பிரித்துச் சொல்வது கடினம். இவை மாநில அளவிலான எண்கள். மலைச்சரிவுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை.

இவ்வட்டாரத்தின் சிக்கல் பெரிதும் நேரம் சார்ந்தது. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் கூலியாட்கள் விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, மாலையில் இறங்குகின்றனர். வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்க்கும் வேளையில் அவர்கள் ஊரில் இருப்பதில்லை. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டவர் ஏலச்செடித் தூரில் குனிந்து காயெடுத்தபடி மதியச் சோற்றைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி வியர்க்கும். மலைவேலைக்குப் போகிறவர் என்பது தெரிந்து மருந்தெழுதினால் இதைத் தவிர்க்க இடமுண்டு.

2024இல் பணியிடங்களிலேயே சோதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஆனால் போடிநாயக்கனூர் ஆட்கள் வேலைக்குப் போகும் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன.