மேகக் கணிமையில் மறைகுறியாக்கச் சாவி மேலாண்மை

மேகக் கணினிகளில் மறைகுறியாக்கி வைத்த தரவைத் திறக்கும் சாவிகளை உருவாக்குவது, பத்திரப்படுத்துவது, உரியவருக்கு மட்டும் பயன்படக் கொடுப்பது, காலக்கெடுவில் மாற்றுவது, தேவை தீர்ந்ததும் அழிப்பது ஆகிய வேலைகள் எல்லாம் சேர்ந்ததே சாவி மேலாண்மை. இதை ஒரே இயந்திரத்தின் பொறுப்பில் விடாமல், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பல சர்வர்கள் சேர்ந்து செய்யும்படி அமைப்பதைப் பரவல் சாவி சர்வர் என்பார்கள்.

அரியலூர் மாவட்டத்தின் நான்கு வட்டங்களில் ஒன்று ஆண்டிமடம். முந்திரித் தோப்புகள் சூழ்ந்த இந்த ஊரின் இ-சேவை மையத்தில் ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், அவருடைய ஆதார், குடும்ப அட்டை விவரங்கள் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்வைக்குப் போய், மின்கையொப்பம் இட்ட சான்றிதழாகத் திரும்பி வருகின்றன. ஆவணங்கள் சேமிக்கப்படும் இடம் அந்த மையத்தின் கணினி அல்ல. தமிழ்நாடு மாநிலத் தரவு மையம் இருப்பது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சென்னைப் பெருங்குடியில். இப்படி ஊரைவிட்டுத் தள்ளிப் போன தரவு பத்திரமாக இருக்கிறதா என்பது, அது எந்தக் கட்டடத்தில் கிடக்கிறது என்பதைவிட, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையே பொறுத்தது.

பூட்டின் வலிமை

மறைகுறியாக்கும் முறை எதிரிக்கு முழுதும் தெரிந்திருந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற கொள்கையை ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883-இல் எழுதினார். இன்று பெரும்பாலான மேகச் சேவைகள் பயன்படுத்தும் ஏ.இ.எஸ். முறையும் அப்படித்தான், 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட அதன் கணக்கு முழுவதும் பொதுவெளியில் இருக்கிறது. 256 பிட் சாவியை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் திருட வருபவர் பூட்டை உடைப்பதில்லை, சாவியைத்தான் தேடுகிறார். நிரலுக்குள் எழுதி மறந்த கடவுச்சொல், காப்புப் பிரதியோடு ஒரே வட்டில் கிடக்கும் சாவிக் கோப்பு, வேலையை விட்டுப் போன ஊழியரின் நீக்கப்படாத அனுமதி ஆகியவையே அவர் நுழையும் வழிகள்.

சாவியைப் பூட்டும் சாவி

பெரிய அமைப்புகளில் சாவிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அல்லது வாடிக்கையாளருக்கும் தனித்தனித் தரவுச் சாவி உண்டு. அந்தத் தரவுச் சாவியை இன்னொரு சாவியால் பூட்டித் தரவுக்கு அருகிலேயே வைத்துவிடுவார்கள். மேலடுக்குச் சாவி மட்டும் சாவி சர்வரை விட்டு வெளியே வருவதில்லை. செயலி, பூட்டிய தரவுச் சாவியை அனுப்பித் திறந்து வாங்கி, வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து அழித்துவிட வேண்டும். மேலடுக்குச் சாவியை மாற்றும்போது பல டெராபைட் தரவை மறுபடி மறைகுறியாக்கத் தேவையில்லை. சிறிய தரவுச் சாவிகளை மட்டும் புதிதாகப் பூட்டினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர்ச்சாவி, எச்.எஸ்.எம். எனப்படும் வன்பொருள் பெட்டகத்தில் இருக்கும். உயர்தரப் பெட்டகத்தைப் பிரிக்க முயன்றால் உள்ளிருக்கும் சாவிகளை அது தானே அழித்துக்கொள்ளும். இந்தப் பெட்டகங்களுக்கான அமெரிக்கத் தரநிலை ஃபிப்ஸ் 140. அதன் மூன்றாம் பதிப்பு 2019-இல் வந்தது.

பிரதி வேறு, பங்கு வேறு

பரவல் சர்வர் என்றதும் பலரும் சாவியை நான்கு இடங்களில் பிரதி எடுத்து வைப்பதாகவே நினைக்கிறார்கள். இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான குழப்பங்களுக்கு இதுவே காரணம். பிரதி எடுத்தால் ஒரு சர்வர் விழுந்தாலும் சேவை நிற்காது என்பது உண்மை. ஆனால் நான்கு பிரதி என்றால் திருடுவதற்கு நான்கு இடம். பங்கு பிரித்தால் நிலைமை தலைகீழ். எந்த ஒரு சர்வரிலும் முழுச் சாவி இருக்காது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்குகள் கூடினால்தான் சாவி உருவாகும். வங்கி லாக்கரை வாடிக்கையாளர் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்து திறப்பதைப் போன்றது இது.

இதற்கான கணக்கை அடி ஷமீர், ஜார்ஜ் பிளேக்லி இருவரும் 1979-இல் தனித்தனியே வெளியிட்டார்கள். ஷமீரின் வழியைப் பள்ளிக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ரகசியம் 12 என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் சொல்லாமல் 5 என்ற எண்ணைத் தேர்ந்து, 12 + 5x என்ற நேர்கோட்டை வரைகிறோம். x-க்கு 1, 2, 3 என்று கொடுத்தால் 17, 22, 27 கிடைக்கும். இந்த மூன்றும் மூன்று சர்வர்களுக்குப் போகும் பங்குகள். முதல் சர்வரைக் கைப்பற்றியவருக்கு 17 தெரியும்; ஆனால் அந்தப் புள்ளி வழியே 10 + 7x என்ற கோடும் போகும், 3 + 14x என்ற கோடும் போகும். ரகசியம் 12-ஆ, 10-ஆ, 3-ஆ என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. எந்த இரண்டு பங்கு சேர்ந்தாலும் கோடு ஒன்றுதான், ரகசியம் வெளிவந்துவிடும். மூன்று பங்கு கூட வேண்டும் என்றால் நேர்கோட்டுக்குப் பதில் இருபடி வளைவு. நடைமுறையில் இந்தக் கணக்கு முடிவுறு புலம் எனப்படும் எண் தொகுதிக்குள் நடக்கும். ஒரு பங்கை மட்டும் வைத்து ஊகிக்க அங்கே இம்மியளவும் இடமில்லை.

2015-இல் வெளியான ஹாஷிகார்ப் வால்ட் என்ற மென்பொருள் இதைப் பரவலாக்கியது. அதன் இயல்பு அமைப்பில் பங்கு ஐந்து, திறக்கத் தேவை மூன்று. சர்வர் மறுபடி இயங்கத் தொடங்கினால், மூன்று பேர் தம் பங்கைக் கொடுக்கும்வரை அது பூட்டியே கிடக்கும். நள்ளிரவில் சர்வர் நின்றுவிட்டால் மூன்று பேரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும் என்பது இதன் சங்கடம். அதைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் திறக்கும் வேலையை எச்.எஸ்.எம்.-இடம் ஒப்படைக்கின்றன.

சாவி பூட்டிய நிலையில் இருக்கும் கோப்புகளையும் அனுமதிப் பட்டியலையும் எல்லாச் சர்வர்களிலும் ஒன்றுபோல் வைத்திருப்பது வேறு பிரச்சினை. டீகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹௌட்டும் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் நெறிமுறை இதற்கு உதவுகிறது. ஐந்து சர்வர்களில் மூன்று ஒப்புக்கொண்டால்தான் எந்த மாற்றமும் பதிவாகும். இரண்டு விழுந்தாலும் வேலை நடக்கும். ஐந்தும் ஒரே நகரத்தில் இருந்தால் பேரிடரின்போது இந்த ஏற்பாட்டால் பயனில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட சென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மும்பை, ஐதராபாத் போன்ற நகரங்களிலும் பெரிய மேக நிறுவனங்களின் மையங்கள் இருப்பதால், நாட்டுக்குள்ளேயே பங்குகளைப் பிரித்து வைக்க இன்று தடை இல்லை.

1995-இல் வந்த இன்னொரு மேம்பாடு, ரகசியத்தை மாற்றாமலே பங்குகளை மட்டும் அவ்வப்போது புதுப்பிப்பது. ஜனவரியில் ஒரு பங்கையும் ஜூனில் ஒரு பங்கையும் திருடியவருக்கு அவை ஒன்றோடொன்று பொருந்தா.

சர்வர்களைப் போலவே மனிதர்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். இணையப் பெயர் அமைப்பின் வேர்ச்சாவியை ஐகேன் நிறுவனம் 2010 முதல் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் வைத்துக் காக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் பல நாடுகளைச் சேர்ந்த ஏழு பொறுப்பாளர்கள். மூன்று பேராவது நேரில் வந்தால்தான் சாவியை எடுத்துப் பயன்படுத்தும் நிகழ்வு நடக்கும்; அதைச் சடங்கு என்பார்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாப்புப் பெட்டியின் பூட்டு பழுதாகிச் சடங்கு நான்கு நாள் தள்ளிப்போனது.

மாற்றாமல் விட்ட சாவி

சாவியை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் மைக்ரோசாஃப்டுக்கு நேர்ந்தது பாடம். 2016-இல் உருவாக்கப்பட்ட ஒரு கையொப்பச் சாவி, ஸ்டார்ம்-0558 என்று பெயரிடப்பட்ட குழுவின் கைக்குப் போனது. அதைக் கொண்டு போலி அனுமதிச் சீட்டுகள் தயாரித்து, 22 அமைப்புகளின் மின்னஞ்சலுக்குள் அவர்கள் நுழைந்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மின்னஞ்சல்கள் போயின. அமெரிக்க அரசின் ஆய்வு வாரியம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கைமுறையாகச் சாவி மாற்றியதால் ஒரு சேவைத் தடங்கல் ஏற்பட்ட பிறகு, 2021-இல் அந்த வேலையையே நிறுவனம் நிறுத்திவிட்டிருந்தது. ஓய்வு பெற்றிருக்க வேண்டிய சாவி தொடர்ந்து செல்லுபடியானது. சாவி மாற்றும் வேலை தானாக நடக்கும்படி அமைக்காதவர்கள் நாளடைவில் அதைக் கைவிட்டுவிடுவார்கள் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இந்திய விதிகள்

ஆதார் எண்களைச் சேமிக்கும் அமைப்புகள் அவற்றை ஆதார் டேட்டா வால்ட் என்ற தனிப் பெட்டகத்தில் மறைகுறியாக்கி வைக்க வேண்டும், சாவி எச்.எஸ்.எம்.-இல் மட்டுமே இருக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. மற்ற அட்டவணைகளில் ஆதார் எண்ணுக்குப் பதில் ஒரு குறிப்பு எண்தான் இருக்க வேண்டும். பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இட்ட ஆணை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

2015 முதல் நடப்பில் உள்ள இ-சைன் முறை தனிக் கவனம் பெற வேண்டியது. ஒரே ஒரு கையொப்பத்துக்காக எச்.எஸ்.எம்.-க்குள் ஒரு சாவி உருவாகி, கையொப்பம் இட்டதும் அழிக்கப்படுகிறது. அதற்கான மின்சான்றின் ஆயுள் அரை மணி நேரம். வைத்துக் காக்க வேண்டாத சாவியைத் திருடவும் முடியாது என்ற எண்ணத்தில் பிறந்த நல்ல வடிவமைப்பு இது.

தரவு இந்தியாவில் இருப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. சாவியும் மேக நிறுவனத்திடமே இருந்தால், அந்த நிறுவனமும் அதற்கு ஆணையிடும் அதிகாரம் கொண்ட அரசும் தரவைத் திறக்க முடியும். பெரிய நிறுவனங்கள் இப்போது சாவியை வாடிக்கையாளரே வெளியில் வைத்துக்கொள்ளும் வசதியைத் தருகின்றன. செலவு கூடும், சாவியைத் தொலைத்தால் தரவு நிரந்தரமாகப் போகும். இருந்தாலும் மக்களின் ஆவணங்களை வைத்திருக்கும் அரசுத் துறைகளும் மருத்துவமனைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தேர்ந்தெடுக்க வேண்டிய வழி அதுதான். மேகச் சேவைக்கு ஒப்பந்தம் போடுபவர்கள் வேர்ச்சாவி யாரிடம் இருக்கும், எத்தனை பேர் கூடினால் திறக்கும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், ஒப்பந்தம் முடிந்த நாளில் யார் முன்னிலையில் அழிக்கப்படும் என்ற நான்கையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.