குன்றக்குடி மடத்தில் ஒரு பங்குனிப் பகல்

காரைக்குடியிலிருந்து மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குன்றக்குடி. புங்கமரங்கள் பூவுதிர்த்துச் செம்மண்ணை மூடியிருந்த ஒரு பங்குனிக் காலையில் அங்கு சென்றேன். மயிலின் உருவாகக் கருதப்படுவதால் மயூரகிரி எனப் பெயர் பெற்ற குன்றின் உச்சியில் சண்முகநாதர் கோயில். கீழே பாண்டியர் காலக் குடைவரைகள். ஊருக்குள் ஆதீன மடம். பங்குனி உத்திரம் நெருங்கியிருந்ததால் காவடிகள் வரத் தொடங்கியிருந்தன.

மடத்துக்குப் போகுமுன் ஞானியார் மலையைப் பார்ப்பது நல்லது. அங்கே துறவியரின் கற்படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே தங்கியவர்களுக்கு ஒரு பாறை நிழலும் உடல் கிடத்தச் சமன்செய்த கல்லும் போதுமாக இருந்தன. ஊரை விட்டு விலகி நிற்பதே துறவு என்பதற்கு அந்தக் கல் ஒரு சாட்சி.

இறங்கி மடத்துக்கு வந்தால் வேறொரு விடை கிடைக்கிறது. முறைப்படி இதன் பெயர் திருவண்ணாமலை ஆதீனம். சைவ மரபில் வந்த பழைய மடம். நிலமும் கோயில் நிர்வாகமும் உடையது. 1952இல் இதன் 45ஆம் பட்டமாகப் பொறுப்பேற்ற தெய்வசிகாமணி அருணாசல தேசிகரைத்தான் நாம் குன்றக்குடி அடிகளார் (1925–1995) என்று அறிவோம்.

அவர் மடத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்தார். 1952இலேயே அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தொடங்கினார். கடவுள் மறுப்பாளரான பெரியாரோடு வாதிட்டார், நட்பும் கொண்டார். மடத்துக்கு வந்த பெரியார் திருநீற்றை மறுக்காமல் ஏற்றார் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. 1982இல் மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டபோது அமைதிப் பணிக்காக அங்கே சென்றார்.

இவற்றினும் அரியது கிராமத் திட்டம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் அமைந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953இல் திறக்கப்பட்டது. அதன் அறிவியலாளர்களை அடிகளார் ஊருக்குள் அழைத்து வந்தார். ஊரின் வளம் என்ன, கைகள் எத்தனை, வேலையற்றோர் யார் என்று கணக்கெடுத்து, கூட்டுறவுச் சங்கங்களும் சிறுதொழில்களும் அமைத்தனர். ‘குன்றக்குடி மாதிரி’ என்று அது நாடளவில் பேசப்பட்டது. பதிகம் ஓதும் மடம் வேலைவாய்ப்பையும் சமயக் கடமையாகக் கண்டது.

ஒரு மனிதரின் ஆற்றலை நம்பி எழுந்த முயற்சி, அவருக்குப் பின்னும் அதே வேகத்தில் செல்லுமா என்ற கேள்வி எந்த நிறுவனத்துக்கும் உண்டு. ஆனால் கேள்வி மடத்துக்கு மட்டுமானதன்று. துறந்தவர் எதைத் துறக்க வேண்டும்? ஊரையா, ஊர் தனக்குத் தரும் வசதியையா? கற்படுக்கையில் கிடந்தவர் இரண்டையும் துறந்தார். அடிகளார் ஊரை மட்டும் துறக்க மறுத்தார்.

மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கையில் இரு குன்றுகளும் ஒரே வெயிலில் சிவந்து நின்றன. அவற்றுக்கிடையே நடந்துவிடக்கூடிய தூரந்தான். தமிழ்த் துறவு அதைக் கடக்க இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.