நெற்றித் தோலில் பிறக்கும் மூக்கு



மூக்கின்மேல் தோன்றிய புற்றுநோய்க் கட்டியை வைத்தியர் வெட்டி நீக்கியதும் நோயாளியின் உயிர் காக்கப்படுகின்றது. ஆனால், சிதைந்த முகத்தோடு அவர் எங்ஙனம் ஊரவர் முன் நடமாடுவார்? உயிரோடு முகமும் மீள வேண்டுமன்றோ? அதற்கெனச் சத்திரசிகிச்சையாளர் இன்று கையாளும் சிறந்த முறைகளுள் ஒன்று, நெற்றித் தோலைக் கீழே திருப்பி மூக்காக அமைப்பதாகும். இதன் வரலாறு மிகப் பழையது.

பண்டை இந்தியாவில் மூக்கறுத்தல் ஒரு தண்டனையாக வழங்கிற்று. மூக்கிழந்தோர்க்கு அதனை மீட்டுத் தரும் வழியைச் சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல் கூறுகின்றது. மூக்கின் அளவாக ஓர் இலையை நறுக்கி, அவ்வளவு தோலைக் கன்னத்திலிருந்து சீவி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கவே அதனை மூக்கிற் பொருத்த வேண்டும். மூச்சு வழிக்கு இரு குழாய்களை வைத்து, அதிமதுரம், செஞ்சந்தனம் முதலியவற்றின் பொடியைத் தூவி, எள்ளெண்ணெயால் நனைக்க வேண்டும்.

காலப்போக்கில் கன்னத்துக்குப் பதிலாக நெற்றி கைக்கொள்ளப்பட்டது. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஓராண்டின் பின் புனே நகரருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் அவருக்கு மூக்கமைத்தார். மெழுகுத் தகட்டால் அளவெடுத்து, அதை நெற்றியில் விரித்துக் கோடிட்டு, புருவங்களுக்கிடையே ஒரு சிறு காம்பை மட்டும் விட்டுத் தோலைப் பெயர்த்து, கீழே திருப்பி ஒட்டினார். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள் அக்காம்பு வெட்டப்பட்டது.

காம்பை ஏன் விடவேண்டும்? ஒட்டுமாங்கன்று கட்டுவோரைக் கேளுங்கள். கிளையைத் தாய்மரத்தினின்றும் உடனே வெட்டாமல், கன்றோடு பிணைத்து, இரண்டும் ஒன்றிய பின்னரே பிரிப்பார்கள். அதுபோலவே, புதிய இடத்தில் குருதியோட்டம் ஏற்படும்வரை பழைய காம்பின் வழியாகவே தோல் உயிர் வாழ்கின்றது. இந்த ஒரு நுட்பமே முழு முறைக்கும் ஆணிவேர்.

இச்செய்தி 1794 ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகையொன்றில் படத்துடன் வெளியாயிற்று. அங்கிருந்த சத்திரசிகிச்சையாளர் யோசப் கார்ப்யூ இம்முறையை ஆராய்ந்து, 1814இல் தாமே செய்து வெற்றிகண்டு, 1816இல் நூலாகவும் வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பா எங்கும் அது பரவிற்று. முதலாம் உலகப் போரில் முகஞ்சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சையளித்த ஹரோல்ட் கில்லிஸ், 1917இல் அக்காம்பையே குழாய்போலச் சுருட்டித் தைத்து, தொற்றுநோயினின்றும் காத்தார்.

இன்று மயக்க மருந்துண்டு, கிருமிநீக்கமுண்டு, நெற்றித் தோலை ஊட்டும் நாடியின் பெயரும் தெரியும். எனினும், புற்றுநோய் நீக்கிய மூக்கை அமைக்கும் வைத்தியர் முதலில் அளவெடுக்கின்றார், காம்பை விடுகின்றார், ஏறக்குறைய மூன்று வாரம் பொறுத்திருக்கின்றார்.

கவாஸ்ஜியின் பெயரை அச்சிட்ட அச்சஞ்சிகை, அவருக்கு முகத்தை மீட்டளித்தவரின் குலத்தை மட்டுமே குறித்தது. பெயர் மறைந்தது; அவர் கைத்திறனோ வைத்தியசாலைகளில் இன்றும் மனிதரை மனிதர்முன் தலைநிமிர்ந்து நடக்கச் செய்கின்றது.