டர்ட் ஜம்ப் மிதிவண்டி டயர்

டர்ட் ஜம்ப் மிதிவண்டி டயர் என்பது, மண்மேட்டில் ஏறிப் பாய்ந்து எதிர்மேட்டின் சரிவில் இறங்கும் விளையாட்டுக்கான மிதிவண்டிகளில் பயன்படும் டயர் ஆகும். வேகம் குறைந்தால் ஓட்டுநர் எதிர்மேட்டை எட்டாமல் விழ நேரிடும். எனவே தடையின்றி உருளுதலே இதன் முதன்மைத் தேவையாகும்.

அளவு

பெரும்பாலும் 26 அங்குலச் சக்கரங்களே பயன்படுகின்றன. டயரின் அகலம் பொதுவாக 2.1 முதல் 2.4 அங்குலம் வரை இருக்கும். 26 அங்குலம் எனக் குறிக்கப்படும் டயர்கள் அனைத்தும் ஒரே அளவுடையவை அல்ல. இவ்வகை வண்டிக்கு 559 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டதே பொருந்தும். சாதாரண மிதிவண்டிகளில் காணப்படும் 590 மில்லிமீட்டர் டயர் பொருந்தாது.

மேற்பரப்பு

இறுகிய மண்ணுக்குத் தாழ்வான, நெருக்கமான புடைப்புகள் கொண்ட டயர் ஏற்றது. உயர்ந்த புடைப்புகள் தளர்ந்த மண்ணில் பிடிமானம் தரும். ஆனால் இறுகிய தரையில் வேகத்தைக் குறைக்கும். சிலர் பிடிமானத்துக்காக முன்சக்கரத்தில் மட்டும் சற்று அகலமான டயரைப் பொருத்துவர்.

காற்றழுத்தம்

சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு வரையிலான அழுத்தம் வழக்கமானது. அழுத்தம் குறைவாயின், தரையிறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி அருகருகே இரு துளைகள் விழக்கூடும். டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள உச்ச அளவை மீறுதல் கூடாது.