நினைவில் நின்ற கடற்கரை: ஐவன் பீரிஸின் நிலக்காட்சிகள்

இலங்கையின் நவீன ஓவிய வரலாற்றில் 1943 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டு ஓகஸ்ட் 29 ஆம் திகதி கொழும்பில் லயனல் வென்ற்றின் இல்லத்திற் கூடிய கலைஞர்கள், கண்டதைக் கண்டவாறே தீட்டும் பழைய பயிற்சிமுறையை விடுத்துப் புதுநெறி காண முற்பட்டனர். '43 குழு' எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பின் தாபகர்களுள், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ் முதலியோருடன் இளைஞரான ஐவன் பீரிஸும் ஒருவர்.

1921 இல் தெகிவளையிற் பிறந்த ஐவன், 1946 இல் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்று, 1949 இல் நாடு திரும்பினார். 1953 இல் மீண்டும் இங்கிலாந்து சென்றவர், 1988 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். இறுதிக்காலத்தில் அவர் வாழ்ந்த சவுத்எண்டும் ஒரு கரையோர நகரமே. ஆயினும், அவர்தம் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவது தாய்நாட்டுக் கடற்கரையாகும்.

அவ்வோவியங்களில் மணலும் கடலும் வானும் கிடைப்பட்டைகளாய் அமைகின்றன. மரங்கள் சில செங்குத்துக் கோடுகளாய் நிற்கின்றன. மனிதர் தனியராய், அசைவற்றுக் காணப்படுகின்றனர். இன்ன ஊர் எனச் சுட்டும் விவரங்கள் அருகியுள்ளன. ஆனால் இயற்கை முற்றாக மறைந்துவிடவில்லை. இப்பாதி அருவநிலையை மேனாட்டுப் பாணியின் செல்வாக்கென்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. தொலைவிலிருந்து நினைவுகூர்பவனின் உள்ளத்தில் விவரங்கள் தேய, இடத்தின் அமைதியும் ஒழுங்குமே எஞ்சுகின்றன. ஐவன் வரைந்தது அவ்வெச்சத்தையே எனலாம்.

இவ்வுண்மை தீவக மக்களுக்கு அந்நியமானதன்று. புங்குடுதீவின் மடத்துவெளியில் வயலும் பனையும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் காட்சி, ஐவனின் கிடைப்பட்டைகளை நினைவூட்டவல்லது. 1991 இல் போரின் காரணமாக அத்தீவு மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். ஐவன் தாமே விரும்பிச் சென்றவர், இவர்களோ துரத்தப்பட்டவர்கள். இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று. எனினும், காணமுடியாத நிலத்தை நெஞ்சிற் காத்தல் இருசாராருக்கும் பொது.

பிறந்த ஊரை நேரிற் கண்டோர் தொகை தலைமுறைதோறும் குறைந்து செல்கின்றது. வீடும் வேலியும் எவ்வாறிருந்தன என்பதைப் புகைப்படம் காட்டும். அவ்வெளியில் நின்றவன் உணர்ந்த அகலத்தையும் தனிமையையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப் புகைப்படம் மட்டும் போதாது. அதற்கு ஓவியனும் வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்நிய மண்ணிலிருந்து ஒரே கரையைத் தீட்டிய ஐவன் பீரிஸின் வாழ்வு, அப்பணி இயலக்கூடியதே என்பதற்குச் சான்றாகும்.